இரண்டாவது வெள்ளி

பாயான் லெப்பாஸ். இரவு இரண்டு நாற்பது.
கேண்டீனில் மீ கோரிங் ஆறிக்கொண்டிருக்க,
கைப்பேசித் திரையில் இரண்டு விரலால்
ஓர் அரசனின் காதை அகலத் திறக்கிறேன்.

காதுதான் முதலில் தேயும்.
பிறகு புருவம், பிறகு தாடி,
பிறகு கிரீடத்து முத்துகள்
ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகும்.
இதில் எண்ண முடிகிறது, ஒன்பதுவரை.
ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று.
"அருமையான கண்டிஷன், சும்மா மின்னும்" என்கிறார்
நிபோங் தெபால் ஞானசீலன்.
ஒரு வெள்ளிக்கு விலை தொள்ளாயிரம் வெள்ளி.
வெள்ளியை வெள்ளியால் வாங்குவது
எங்கள் ஊர்ப் பேச்சில் மட்டும்தான் நடக்கும்.

மின்னுகிறதே, அதுதான் சிக்கல்.
நூற்றிருபது வருஷம் சும்மா கிடந்த காசு
இப்படிச் சிரிக்காது.
எடை கேட்டேன். மருந்துக்கடையில் போட்டாராம்,
இருபத்தாறு புள்ளி ஒன்பது. அதில் பொய்யில்லை.
சாய்த்துப் பிடித்து ஒரு படம் அனுப்புங்க அண்ணா,
லாரி ஹெட்லைட்டில் எடுத்தாலும் பரவாயில்லை.

பட்டர்வொர்த் துறைமுகத்தில்
கண்டெய்னருக்கு வரிசையில் நிற்கிறார்.
தூங்க வழியில்லை. உடனே அனுப்புகிறார்.

சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் வெளியே வந்தது.
மயிரிழைக் கோடுகள், அத்தனையும் ஒரே திசை,
பிரஷ் போன திசை.
கிரீடத்துக்கு மேலே விளிம்பில்
கொக்கி பற்றவைத்துப் பிறகு அரத்தால் ராவிய தழும்பு.
யாரோ கழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள்.
"உருக்குற விலைக்குத்தான் போகும் அண்ணா."

"அப்படியா" என்றார்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
"இன்னொண்ணு இருக்கு தங்கச்சி,
தார் மாதிரி கறுத்துக் கெடக்கு.
ரெண்டையும் எடுத்துக்குங்க, நானூறு குடுங்க போதும்."

படத்தைத் திறந்தேன்.
மீ கோரிங்கை நகர்த்தி வைத்தேன்.
கறுப்புக்கு அடியில் புறாக்கழுத்து நீலம்.
எழுத்துகளின் இடுக்கில், அச்சிலிருந்து விழுந்த அன்றைய பளபளப்பு
அப்படியே ஒளிந்திருந்தது.
ஒருவர் கையும் இதைத் துடைக்கவில்லை.
இரண்டாயிரத்துக்குக் குறையாது.
மூன்றாயிரம் என்றாலும் கோலாலம்பூரில் ஆள் உண்டு.

"கழுவாதீங்க" என்று தட்டினேன்.
தட்டினால் ஏன் என்பார்.
அழித்தேன்.
"சரி, நானூறு."
அதையும் அழித்தேன்.
மணி அடித்தது.

நூற்றுப் பதினாலாம் லாக்கரில் கைப்பேசி.
வெள்ளை உடை, கையுறை, மைக்ரோஸ்கோப்.
என் வேலை கீறல் பார்ப்பது.
சந்தேகம் வந்தால் தள்ளு என்பாள் லைன் லீடர் ஃபரிடா.
விடிவதற்குள் பதினொரு சில்லுகளைத் தள்ளினேன்.
பன்னிரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
விட்டுவிட்டேன்.
காசு எங்கே ஓடிவிடப் போகிறது,
இத்தனை வருஷம் ஓடாதது.

ஏழு மணிக்கு லாக்கரைத் திறந்தால்
ஆறு இருபதுக்கு வந்திருக்கிறது:
"பதிலைக் காணோமே, கறுப்பா இருக்குன்னு
யோசிக்கிறீங்கன்னு நெனச்சேன்.
வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை,
பல்பசை, கொஞ்சம் எலுமிச்சை.
இப்பப் பாருங்க!"

பார்த்தேன்.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி அரசன் முகம்.
அவர் வீட்டு ஜன்னல் கம்பி, காலை வெயில், குனிந்த தலை
எல்லாம் காசுக்குள் தெரிந்தது.
விளிம்பைப் பிடித்திருந்த விரல்நுனிகள்
நீரில் வெகுநேரம் கிடந்து சுருங்கி வெளுத்திருந்தன.

"அழகா இருக்கு அண்ணா."
பேங்க் கணக்கு எண் கேட்டேன். உடனே வந்தது.

தொழிற்சாலை பஸ் பாலத்தில் ஏறியது.
பக்கத்து சீட்டுக்காரி என் தோளில் தூங்கினாள்.
பெயர் சரி, எண் சரி.
தொகைக் கட்டத்தில் கோடு மட்டும்
மின்னி மின்னி நின்றது,
பிறை வரும்வரை.